மரத்தரையும் எங்கள் ஊர் ஓதமும்

பாரிஸில் இருக்கும் மகன் போன மாதம் போனில் சொன்னான்: "அப்பா, மார்கழி வந்தா தரை ஜில்லுனு இருந்து அம்மாவுக்கு மூட்டுவலி கூடிடுது. இங்க எங்க வீட்டுல இருக்கிற மாதிரி கீழ்வீடு முழுக்க லேமினேட் போட்டுடுங்க. செலவு என்னுது."

அன்போடு சொல்கிறான், தட்ட மனம் வரவில்லை. காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு மரத்தரை என்றால் 'பர்க்கே'. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் தரப்புக்கும் பிரெஞ்சில் அதே பெயர்தான். குமாஸ்தா புத்தி, ஒரு நோட்டில் கோப்புப் போட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

கும்பகோணம் கடையில் மூன்று வகை காட்டினார்கள். முழு மரம் விலை அதிகம். ஆனால் தேய்ந்தால் இழைத்துப் புதுப்பிக்கலாம். இரண்டாவது, அடியில் ஒட்டுப்பலகை, மேலே மெல்லிய அசல் மரம். மூன்றாவதுதான் லேமினேட். 1977-இல் ஸ்வீடனில் கண்டுபிடித்தது. மரநாரை அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட காகிதம், அதற்கும் மேல் பிசின் பூச்சு. கீறலைத் தாங்கும். தண்ணீர் இணைப்புக்குள் இறங்கினால் விளிம்பு உப்பிவிடும். இழைத்துச் சரிசெய்யவும் வழியில்லை.

தாராசுரத்தில் தண்ணீருக்குப் பஞ்சமா? பக்கத்தில் அரசலாறு. இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில் தாழ்ந்த மட்டத்தில் இருப்பதால், மழைக்காலத்தில் முன்புறம் தண்ணீர் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அடியிலும் அதே மண்தான்.

ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைக் கீழறையின் சிவப்பு சிமெண்ட் தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். மறுநாள் பிரித்தால் அடியில் முத்து முத்தாய் நீர்த்துளி. ஓதம்! அடியில் பாலிதீன் விரித்துத்தான் லேமினேட் போடுவார்கள் என்றாலும், சுவரோரம் ஏறும் ஓதத்துக்கும் கறையானுக்கும் யார் காவல்?

என் மனைவி வேறொன்று கேட்டாள். "வெள்ளிக்கிழமை வீடு கழுவக் கூடாதா? பூஜையில மாக்கோலம் போடக் கூடாதா?" பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான் என்றேன். "அப்போ கீழ வேண்டாங்க. மாடியறையில போடுங்க. பேரப்பிள்ளைங்க வந்தா அவங்களுக்குப் பழக்கமான தரையா இருக்கும்."

அப்படியே ஆயிற்று. பெட்டிகளை 2 நாள் மாடியறையிலேயே படுக்க வைத்தோம். பலகை அறையின் காற்றுக்குப் பழக வேண்டுமாம். பிறகு ஃபோம் விரித்து, ஒன்றோடொன்று பூட்டி, சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டார் தச்சர். பலகை விரிய அந்த இடம் வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். நீங்கள் போடும்போது அந்த இடைவெளியை அவசியம் அளந்து பாருங்கள்.

கீழே அவள் கட்டிலடியில் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டிருக்கிறேன். மார்கழிக்கு அது போதும் என்கிறாள். மகனிடம் மட்டும், "உன் தரை ரொம்ப இதமா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டாள். முட்டிவலியோடு மாடிப்படி ஏறி, ஒருமுறை அதில் நடந்து பார்த்த பிறகுதான் சொன்னாள்.