மூன்று தடவை கேள்

ரிஷிவந்தியம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்குள் இருப்பது கெட்ட புத்தி மட்டும்தான், என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீ வேலை பார்க்கிற மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதர் ஜெபாலயம் இருக்கிறதே, அந்த மக்களில் பெரும்பாலானவர்கள் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய பெரியவர்கள் மனித மனசைப் பற்றிச் சொல்லி வைத்ததைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க உன் முகம்தான் வருகிறது.

எந்த மனிதனுக்குள்ளும் இரண்டு நாட்டம் உண்டு என்கிறார்கள். தீயதற்கு யெட்ஸர் ஹரா, நல்லதற்கு யெட்ஸர் ஹடோவ் என்று பெயர். தீயது பிறக்கும்போதே கூட வந்துவிடுமாம். நல்லது பதின்மூன்று வயதில்தான் வந்து சேருமாம். முன்னால் வந்ததற்குப் பலம் அதிகமாகத்தானே இருக்கும்? அதற்காக யாரையும் அவர்கள் பிறவிப் பாவி என்று தள்ளி வைக்கவில்லை.

தல்மூத் என்ற அவர்களுடைய நூலில் ஒரு கதை வருகிறது. தீய நாட்டத்தைப் பிடித்து மூன்று நாள் அடைத்து வைத்தார்களாம். இனிமேல் உலகம் நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், நாடு முழுக்கத் தேடியும் புதிதாக இட்ட ஒரு முட்டை கிடைக்கவில்லை. கோழிக்குக்கூட ஆசை அற்றுப்போய்விட்டது! அந்த நாட்டம் இல்லாவிட்டால் யாரும் வீடு கட்ட மாட்டான், கல்யாணம் செய்ய மாட்டான், வியாபாரத்துக்குப் போக மாட்டான் என்று இன்னொரு நூலிலும் இருக்கிறது. ஆகவே அதைக் கொல்லச் சொல்லவில்லை, அடக்கி ஆளச் சொன்னார்கள். தன் நாட்டத்தை வென்றவனே பலசாலி என்பது அவர்கள் தீர்ப்பு.

உன்னையே எடுத்துக்கொள். அப்பா போன பிறகு குத்தகை நிலத்தில் கரும்பு போட்டு, மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வெட்டி அனுப்பி, அந்தக் காசில் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டவன் நீ. ராத்திரி மோட்டார் போட நீ டார்ச்சோடு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்ற அந்த வேகம்தான் உன்னைச் சாராயத்துக்கும் இழுத்துக்கொண்டு போனது. வேகம் ஒன்றுதான், போன திசைதான் வேறு. ரவா என்ற ஞானி சொன்னாராம்: அது முதலில் வழிப்போக்கனாக வரும், பிறகு விருந்தாளியாகத் தங்கும், கடைசியில் வீட்டுக்காரனாகிவிடும். உடம்பு வலிக்கு என்று வெட்டு முடிந்த சாயங்காலம் மட்டும் குடித்தாய். அப்புறம் வாரக் கடைசி. அப்புறம் விடிந்ததும்.

கருணாபுரத்தை நீ மறந்திருக்க மாட்டாய். 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி டவுனுக்குள்ளேயே, மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பெண்களும் அதில் இருந்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தின்றுவிடும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியிலிருந்து சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் பறந்தன. செத்தவர்கள் கூலிக்குப் போனவர்கள், மூட்டை தூக்கியவர்கள். அவர்களைக் கெட்டவர்கள் என்று பேசினவர்களை என்னால் பொறுக்க முடியவில்லை. கல்வராயன் மலையில் வெல்லமும் வேலம்பட்டையும் போட்டு ஊறல் வைப்பதும், போலீஸ் போய்க் கொட்டி அழிப்பதும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்கிற சேதி. கருணாபுரத்தில் நடந்தது அதைவிடக் கொடுமை. காசுக்காக விஷத்தைக் கலந்து விற்றவனுக்குள்ளும் அந்த இரண்டு நாட்டமும் இருந்திருக்கும். அவன் தோற்றதுதான் பெரிய தோல்வி. ஊர் குடித்தவனை மட்டும் திட்டிவிட்டு அவனை மறந்துவிடுகிறது.

நீ குடியை நிறுத்திவிட்டாய். மனசு இன்னும் இழுக்கிறது என்று எழுதியிருப்பதைப் படித்து நான் பயப்படவில்லை. நல்லவர்களையும் அது கடைசிவரை விடாது என்றுதான் யூதர்களும் சொல்கிறார்கள். இழுக்கிறதென்றால் எதிர்த்து இழுக்க உள்ளே ஒருவன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

இன்னும் ஒன்று. யோம் கிப்பூர் என்று அவர்களுக்கு ஒரு நோன்பு நாள். கடவுளுக்குச் செய்த குற்றத்துக்குத்தான் அன்றைக்கு மன்னிப்பு. மனுஷனுக்குச் செய்ததற்கு, பட்டவரிடமே போய்ச் சமாதானம் கேட்க வேண்டும். ஒரு தடவையில் மனம் இரங்காவிட்டால் மூன்று தடவை வரை கேட்க வேண்டுமாம். நீ கைநீட்டி அடித்தது உன் மனைவியை. எனக்கு எழுதுகிற கடிதத்தில் அழுது பிரயோஜனம் இல்லை. அவள் இப்போது அவள் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள், குழந்தையும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் செய். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறு மறுபடி செய். அதற்கும் அவள் பேசாவிட்டால் லீவு போட்டுக் கிளம்பி வா, நானும் உன்னோடு வருகிறேன்.

உன் அக்கா