வயலோடு சேர்ந்த கோயில்

பாலித் தீவின் உபுத் நகரிலிருந்து கிளம்பும் ஒருநாள் சுற்றுலாக்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன. காலையில் குனுங் காவியின் பாறைக் கோயில்களும் தீர்த்த எம்புல் சுனையும். பிற்பகலில் தெகலாலாங்கின் படிக்கட்டு வயல்கள். முதல் பாதி பண்பாடு, மறுபாதி இயற்கை என்று அதற்குப் பெயரும் வைத்துவிடுகிறார்கள். பயணத்துக்கு வசதியான இந்தப் பிரிப்பு, அந்தக் கோயில்களும் சுனையும் இருக்கும் பாக்கெரிசான் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள உதவாது என்பதே என் வாதம். அங்கே சுனை, கோயில், வாய்க்கால், நெல்வயல், நீரைப் பங்கிடும் உழவர் சபை ஆகிய ஐந்தும் சேர்ந்துதான் ஒரு பழஞ்சின்னம். கல்லை மட்டும் காப்பாற்றினால் அதில் மிகச் சிறிய பகுதிதான் நமக்கு மிஞ்சும்.

கல்லிலிருந்தே தொடங்கலாம். குனுங் காவி 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆற்றின் இருபுறமும் எழும் செங்குத்தான பாறையில் ஆழமான மாடங்கள் குடைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 7 மீட்டர் உயரக் கோயில் முகப்பு ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்குக் கரையில் 5, எதிர்க்கரையில் 4, சற்றுத் தள்ளித் தனியாக ஒன்று. உள்ளே கருவறை கிடையாது. வாசல்போலத் தோன்றுவதும் பாறைதான். இவை உதயண மன்னனின் குடும்பத்துக்கான நினைவுச்சின்னங்கள் என்பது ஒரு கருத்து; அவன் இளைய மகன் அனக் வுங்சுவுக்கும் அவன் அரசியருக்குமானவை என்பது இன்னொன்று. முகப்பு ஒன்றின் மேலுள்ள சிறு கல்வெட்டு யாரோ ஓர் அரசனைக் குறிக்கிறது, பெயரைச் சொல்லவில்லை. யாருடைய நினைவு என்ற கேள்வியிலேயே ஆய்வுகள் நெடுநாள் நின்றுவிட்டன. எப்படி வெட்டினார்கள் என்று கேட்டால் இன்னும் தூரம் போகலாம். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான இந்த மென்பாறையைக் குடைவது பாலி மக்களுக்கு அதற்கு முன்பே கைவந்த தொழில். கி.பி. 896-ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று சுரங்கம் வெட்டும் தச்சர்களைக் குறிப்பிடுகிறது. ஆறுகள் ஆழமான பள்ளங்களில் ஓடுவதால், மேலே அணைகட்டி மலையைக் குடைந்து நீரைக் கொண்டுவந்தால்தான் அங்கே நெல் விளையும். வாய்க்காலுக்காகப் பழகிய உளிதான் பின்னால் அரசருக்கும் மாடம் குடைந்தது என்று கொள்வதில் தவறில்லை.

ஆற்றில் மேலே போனால் தீர்த்த எம்புல். இந்தச் சுனையைப் பற்றிய கல்வெட்டு 960-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. பக்கத்து மனுக்காயா கிராமத்தில் இருக்கிறது. கிராமத்தார் ஆண்டுதோறும் நான்காம் மாதப் பௌர்ணமியில் அந்தக் கல்லைச் சுனைக்கு எடுத்துவந்து நீராட்டினார்கள். டச்சுத் தொல்லியலாளர் ஸ்டுட்டர்ஹைம் எழுத்துகளைப் படித்தபோது, கல்லில் பொறித்திருந்ததும் அதே நாள்தான் என்று தெரிந்தது. படிக்கத் தெரிந்தவர் எவருமில்லாமலே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் அந்த நாளை ஓர் ஊர் தவறவிடவில்லை. இப்படிப்பட்ட இடத்தைச் சிதைவு என்று எப்படிச் சொல்வது? நீராடும் குளங்களைக் கடந்த தண்ணீர் புலாகான் என்னும் சுபாக்கின் வயல்களுக்குப் போகிறது. சுபாக் என்பது ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் உழவர்களின் சபை. எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது, யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் அது நீர்க்கோயில்களின் வழிபாட்டு முறையோடு இணைத்துத் தீர்மானிக்கிறது. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்ததும் இந்த அமைப்பு முழுவதையும்தான். ஒரு தனிக் கோயிலை அல்ல.

வழிபாடு வேறு, விவசாயம் வேறு; பக்தியை நீர் மேலாண்மையாக மிகைப்படுத்துகிறோம் என்று ஒருவர் மறுக்கலாம். அதற்கு 1970-களே விடை. பசுமைப் புரட்சியின்போது கோயில் அட்டவணையை விட்டுவிட்டு முடிந்தபோதெல்லாம் நடும்படி உழவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். சில பருவங்களுக்குள் தண்ணீர்த் தகராறும் புகையான் பூச்சியின் படையெடுப்பும் வந்தன. அருகருகே உள்ள வயல்கள் ஒரே சமயத்தில் அறுவடையாகி ஓய்ந்தால் பூச்சிக்கு இரை கிடைக்காது. ஆனால் தீவு முழுவதும் ஒரே சமயத்தில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவே சரியான அளவைக் கோயில்களின் வலைப்பின்னல் கண்டுபிடித்திருந்தது. மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் கணினி மாதிரி அமைத்துச் சோதித்தபோது, மொத்த விளைச்சல் மிகுதியாக இருந்தது நீர்க்கோயில்கள் ஒருங்கிணைக்கும் அளவில்தான். லான்சிங் அரசர்களின் பங்கைக் குறைத்துவிட்டார் என்று பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்ளின் போன்றோர் மறுத்தார்கள். அந்த மறுப்பில் வலு உண்டு. சுனையைப் பற்றிய கல்வெட்டே அரசன் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அரசன் வெட்டியிருந்தாலும் உழவன் வெட்டியிருந்தாலும் வாய்க்கால் இல்லாமல் கோயிலுக்குப் பொருள் இல்லை. அரசர்கள் போன பிறகும் வேலை நடந்தது சபையின் கையில்.

இதைவிடக் கனமான மறுப்பு உழவரின் பக்கமிருந்து வருகிறது. பயணிகள் பார்ப்பதற்காக ஒரு குடும்பம் என்றென்றும் நெல் நட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? கூடாது. விடுதி கட்ட நிலத்தை விற்பவரைக் குறைசொல்லும் உரிமை, அதே விடுதியில் தங்கப் போகிறவருக்கு இல்லை. ஆனால் சுபாக்கில் ஒருவர் விற்பது ஒரு துண்டு நிலத்தோடு நிற்பதில்லை. மேல்வயல் சுவராக மாறினால் கீழ்வயலுக்கான வாய்க்கால் அறுபடும். ஆழ்துளைக் கிணறுகள் பெருகினால் சுனையே வற்றத் தொடங்கலாம். உறுப்பினர் குறைந்தால் மதகைத் தூர்வார ஆள் இராது. ஆகவே உழவரிடம் தியாகம் கேட்பதற்குப் பதில் அவர் வேலைக்குக் கூலி கொடுக்க வேண்டும். குனுங் காவியில் நுழைவுச்சீட்டு வாங்குகிறவர் வயல்களின் ஓரமாகவே நீண்ட படிக்கட்டில் இறங்கிப் போகிறார். அந்தக் காட்சியும் அவர் கொடுத்த காசுக்குள் அடக்கம். பாறையைப் பராமரிக்கும் செலவோடு வாய்க்காலைத் தூர்வாரும் செலவையும், வயல் நிலத்தின் வரிச்சுமையையும் அதே கணக்கில் எழுத வேண்டும். நீரை எடுக்கும் விடுதிகளும் சபைக்குப் பங்கு செலுத்த வேண்டும்.