கேட்டேன் என்பதும் கேட்கிறது என்பதும்

ஹை-ரெஸ் ஆடியோ எனப்படும் உயர்துல்லிய ஒலியில் ஆர்வம் கொண்ட தமிழர் சிலர் சேர்ந்த ஒரு சிறு இணையக் குழுவுக்கு மூன்று ஆண்டுகளாக நெறியாளராக இருந்துவருகிறேன். கொல்கத்தா, புனே, ஐதராபாத், தில்லி ஆகிய நகரங்களில் முனைவர்பட்ட ஆய்வில் இருப்பவர்களே உறுப்பினரில் பெரும்பாலோர். ஆசிரியர்களும் ஓய்வுபெற்றோரும் சிலர் உண்டு. அண்மையில் ஒரு நண்பர், "பாட்டுக் கேட்பதற்கு எதற்கு இத்தனை விதிகள்?" என்று கேட்டார். அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை.

இதற்குமுன் நான் வேறொரு பெரிய குழுவில் இருந்தேன். அங்கே ஒருநாள், குறுந்தகட்டுத் தரக் கோப்புக்கும் உயர்துல்லியக் கோப்புக்கும் என் செவிக்கு வேறுபாடு தெரியவில்லை என்று எழுதினேன். வந்த மறுமொழிகள் மூன்று வகை: உங்கள் ஹெட்போன் மலிவானது, உங்கள் காது பழகவில்லை, பெண்களுக்கு இதில் நாட்டம் குறைவு. எப்படிக் கேட்டேன், எதை எதனோடு ஒப்பிட்டேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைவிட வருத்தியது வேறொன்று. உதவித்தொகையில் வாழும் இளைய ஆய்வாளர் ஒருவர், அங்கிருந்த மூத்தவர்கள் சொன்னதை நம்பி, இரண்டு மாதத் தொகைக்கு ஒரு கேபிள் வாங்கினார். வேறுபாடு தெரியவில்லை என்று சொல்ல அஞ்சி, தெரிகிறது என்றே குழுவில் எழுதினார். அவரும் நானும் இன்னும் சிலரும் வெளியேறி எங்களுக்கென ஒரு குழு அமைத்தோம். அவரைப்போல் ஒருவர் மீண்டும் பொய் சொல்ல நேரக்கூடாது என்பதே எங்கள் விதிகளின் தோற்றுவாய்.

பூசல் எதைப் பற்றியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகட்டில் வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மாதிரி வீதத்தின் பாதிக்குக் கீழுள்ள அதிர்வெண்களை இழப்பின்றி மீட்கலாம் என்பது மாதிரித் தேற்றம். ஆகவே ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை குறுந்தகடு போதும். இளஞ்செவியின் மேல் எல்லையோ 20,000 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது. வயது ஏறுந்தோறும் அது இறங்குகிறது. உயர்துல்லியக் கோப்புகளில் வினாடிக்கு 96,000 அல்லது 1,92,000 மாதிரிகள், 24 பிட். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசைக்கு 10.6 மெகாபைட் என்றால், 96,000 மாதிரிக்கு 34.6 மெகாபைட். இந்தக் கூடுதலில் செவிக்கு ஏதேனும் எட்டுகிறதா என்பதே வினா.

எங்கள் முதல் விதி எளியது. "எனக்கு இது பிடித்திருக்கிறது" என்று யாரும் எதைப்பற்றியும் எழுதலாம். அதற்குச் சான்று கேட்பது கூடாது. "இது அதைவிடத் தெளிவாகக் கேட்கிறது" என்று எழுதினால், மறைசோதனை செய்து காட்ட வேண்டும். இது நாங்கள் கண்டுபிடித்ததன்று. 2001இல் தொடங்கிய ஹைட்ரஜன்ஆடியோ என்னும் தளம் இதை நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவருகிறது. சோதனை செய்ய ஃபூபார் 2000 என்னும் இலவச மென்பொருள் போதும். அ, ஆ என இரு கோப்புகள். அவற்றுள் ஒன்றை மென்பொருள் பெயர் மறைத்து ஒலிக்கும். எது என்று சொல்ல வேண்டும். பதினாறு முறையில் பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் ஏற்கிறோம். வெறும் ஊகத்தால் அவ்வாறு அமைவதற்கு நூற்றில் நான்கு வாய்ப்புக்கும் குறைவு.

சோதனையைவிட அதற்கான ஆயத்தமே கடினம். இரு கோப்புகளின் ஒலியளவும் 0.1 டெசிபலுக்குள் ஒத்திருக்க வேண்டும். ஏனெனில் சற்றே உரத்து ஒலிப்பதை நாம் உரத்தது என்று உணர்வதில்லை, சிறந்தது என்றே உணர்கிறோம். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து ஆக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் வாங்கும் உயர்துல்லியப் பதிப்பும் பழைய குறுந்தகடும் பெரும்பாலும் வெவ்வேறு மாஸ்டரிங் கொண்டவை. அங்கே கேட்கும் வேறுபாடு உண்மையானதே. ஆனால் அது பொறியாளரின் கைவண்ணம், மாதிரி வீதத்தின் பயன் அன்று. எங்கள் குழுவின் சண்டைகளில் பாதி இந்த ஒரு விளக்கத்தோடு அடங்கிவிட்டன.

இரண்டாம் விதி: கருவியின் விலையை வாதமாக முன்வைக்கக்கூடாது. மூன்றாம் விதி: சோதனை முடிவு முதலில் அவரவருக்கு மட்டும், பொதுவில் வைப்பதும் வைக்காததும் அவர் விருப்பம், தோற்றவரை எள்ளுபவர் ஒரு மாதம் எழுத முடியாது.

மூன்றாம் விதியின் தேவையை உணர்த்தியவர் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர். தம் தந்தையார் வாசித்த நாகசுர ஒலிநாடாக்களை அவர் 96,000 மாதிரி வீதத்தில் எண்மமாக்கியிருந்தார். அதில் கேட்கும் சீவாளியின் உயிர்ப்பு குறுந்தகட்டுத் தரத்தில் இல்லை என்று அழகாக எழுதினார். சோதனையில் பதினாறுக்கு ஒன்பது. தாமாகவே அதைக் குழுவில் அறிவித்துவிட்டு மூன்று வாரம் அவர் எதுவும் எழுதவில்லை. அந்த மௌனத்தின்போது இருவர் ஏளனமாக எழுதினர். இருவரும் என் நெருங்கிய நண்பர்கள். விதிப்படி இருவரையும் நிறுத்திவைத்தேன். அதன்பின் அவர் தனிச்செய்தியில் கேட்டார்: "அப்படியானால் இந்தப் பெரிய கோப்புகளை அழித்துவிடட்டுமா, அம்மா?"

"அழிக்கவே கூடாது, சார்" என்றேன். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம், ஒப்புமைப் பதிவுகளை எண்மமாக்கக் குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 பிட்டும் வேண்டும் என்கிறது; 96,000 பரவலான வழக்கம். நாடா ஆண்டுதோறும் நலிகிறது, ஒலிப்பான்கள் அரிதாகிவருகின்றன, மறுமுறை படியெடுக்க வாய்ப்பு வராமலே போகலாம். நாளை இரைச்சலை நீக்கவோ வேகப்பிழையைத் திருத்தவோ முற்படும் ஒருவருக்குச் செவி கேளாத தகவலும் பயன்படும். ஒலியளவைச் சற்றுக் குறைத்துவைத்துப் பதிந்தாலும் 24 பிட்டில் இழப்பு தெரியாது. இன்று கேட்பதற்குப் போதுமானதும் நாளைக்குக் காப்பதற்குத் தேவையானதும் இருவேறு அளவுகள். இதை அவர் அனுமதியோடு குழுவில் எழுதினேன். இப்போது உறுப்பினர்களின் வீட்டு நாடாக்களைப் படியெடுக்க வழிகாட்டுபவர் அவரே.

விதி ஐயவாதிகளையும் கட்டுப்படுத்துகிறது. 2007இல் மேயரும் மோரனும் வெளியிட்ட ஆய்வில் 554 முயற்சிகளில் 276 மட்டுமே சரி. நாணயம் சுண்டியதற்கு ஒப்பானது. அதை எடுத்துக்காட்டி வழக்கு முடிந்தது என்பவர்களுக்கு, 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 சோதனைகளைத் தொகுத்துச் செய்த பகுப்பாய்வை நினைவூட்டுகிறோம். அதில் சரியான விடைகள் 52.3 விழுக்காடு, பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் கூடுதல். வேறுபாடு மிகச் சிறிது. ஆயினும் அதைச் சுழி என்று சொல்லவியலாது. மறுபக்கத்தில், 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் இசைத்தட்டுகள் பலவற்றின் ஆக்கத்தில் எண்ம நிலை ஒன்று இருந்தது தெரியவந்தது. முழுக்க ஒப்புமை ஒலி என்று அவற்றைப் போற்றிவந்த தேர்ந்த செவிகள் பல அதைக் கண்டறியவில்லை.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். எங்கள் துறைகளில் கட்டுரையைப் பெயர் மறைத்து மதிப்பிடுகிறோம். கருத்தரங்குகளிலோ சொன்னவர் யார் என்பதே சொன்னதன் எடையைத் தீர்மானிக்கிறது. முதலாண்டு மாணவி "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்லத் தயங்குகிறாள். எங்கள் குழுவில் அப்படிச் சொல்பவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதன் விலை, வாரம் சில மணிநேர நெறியாளர் பணியும் அவ்வப்போது இழக்கும் நட்பும். நிறுத்திவைத்த இருவரில் ஒருவர் திரும்பி வரவில்லை. மற்றவர் வந்து, தாமே சோதனை செய்து, பதினாறுக்கு பதின்மூன்று பெற்றார். ஐயவாதியான அவருக்கே அது வியப்பு. இரு கோப்புகளின் ஒலியளவையும் இன்னொரு முறை அளந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.