வாளியில் மண்

நகைக்கடன் விண்ணப்பத்தில் ‘எதன் பொருட்டு’ என்று ஒரு கட்டம் உண்டு. எதையாவது எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். யாரும் அதைப் படிப்பதில்லை. சென்ற ஆனியில், தாம்பரத்தில் என் மேஜைக்கு எதிரே இரண்டு வளையல்களோடு உட்கார்ந்திருந்த பாயிடம் சம்பிரதாயமாகக் கேட்டேன். “குதிர சாப்ட மாட்டேங்குது சார்” என்றார். மருத்துவச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர். முகூர்த்தமில்லாத ஞாயிறுகளில் கோவளம் கடற்கரையில் குழந்தைகளை ஏற்றி நாலு நடை. பதினாறு வயதுப் பெண்குதிரை. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கொள்ளும் தவிடும் வெல்லமும் மட்டும் இறங்குகிறது. லத்தி இரண்டு நாள் தண்ணீராக, இரண்டு நாள் இறுகி. இரவில் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி முன்காலால் தரையைப் பறிக்கிறது. “செல்லம் குடுத்துக் கெடுத்துட்டேன், ருசி பாக்குது” என்பது அவர் தீர்ப்பு.

கடன் கொடுப்பதோடு என் உத்தியோகம் முடிந்தது. மறுநாள் மாலை முடிச்சூர்ப் பக்கம் அந்தக் காலி மனைக்கு ஏன் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. நவீன கவிதையில் குதிரை என்ற படிமத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதியவன் நான். வேகம், காமம், கட்டற்ற மனம் எல்லாம் அதில் இருந்தன. லத்தி இல்லை.

வேப்பேரியில் படித்த ஒரு பெண் மருத்துவர் வந்திருந்தார். முதலில் அவர் பார்த்தது தரையை. பாதி மென்று துப்பிய வைக்கோல் உருண்டைகள் கிடந்தன. குதிரையின் கடைவாய்ப் பற்கள் வளர்ந்து மேலெழும்பிக்கொண்டே இருக்குமாம். நாளெல்லாம் புல்லைப் பக்கவாட்டில் அரைத்தால் அவை சீராகத் தேயும். தவிடும் கொள்ளும் தின்கிற வாய் அவ்வளவு அகலமாக அரைப்பதில்லை; மேல்பற்களின் கன்னப்பக்க ஓரமும் கீழ்ப்பற்களின் நாக்குப்பக்க ஓரமும் கத்தியாகிவிடுகின்றன. ருசி பார்க்கிறது என்று சொல்லப்பட்ட பிராணிக்குக் கன்னமெல்லாம் புண். கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் மூடிக்கொள்ளும் என்று பழமொழி சொன்னவர் அந்த வாய்க்குள் கைவிட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

பிறகு தரையில் படாத லத்தியாக நாலைந்து உருண்டை எடுத்து, வாளித் தண்ணீரில் கரைத்து வைத்தார். தெளிந்ததும் அடியில் விரலால் வழித்தெடுக்கிற அளவுக்கு மண். பக்கத்து அடுக்குமாடிக்காகக் கொட்டிய எம்-சாண்டின் மேல்தான் தீனி போடுகிறார்கள். மீதி கோவளத்து மண்.

அவ்வளவு பெரிய உடம்பில் இரைப்பை பத்துப் பதினைந்து லிட்டர்தான் பிடிக்கும். வாந்தியெடுக்க முடியாத பிராணி. நாரைச் செரிப்பவை பின்குடலில் வாழும் நுண்ணுயிர்கள். தானியம் மிஞ்சி அங்கே போனால் புளித்து, அமிலமும் வாயுவுமாகிறது. நெல் வைக்கோலை அசைபோட்டுச் சமாளிக்க மாட்டுக்கு நாலறை வயிறு இருக்கிறது. குதிரைக்குள் அதுவே இறுகி அடைத்துக்கொள்ளலாம். நாமோ கட்டிப்போட்ட எல்லாவற்றையும் மாடாகவே பார்க்கிறோம்.

பழைய பழக்கம்தான். கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகர் கதையே குதிரை வாங்கப் போன கதை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்கோ போலோ, பாண்டிய நாட்டு மன்னன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் குதிரை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைப் போடுகிறார்கள் என்றார். பிரயாணிகளின் எண்ணிக்கையில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். செய்தாலும், வரவுப் பக்கத்தை நம் இலக்கியம் வைத்திருக்கிறது, செலவுப் பக்கம் வெனிஸ்காரரிடம் கிடக்கிறது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மயக்க ஊசி போட்டுப் பற்களை அராவினார். மண் வெளியேற இசப்கோல் உமி. வைக்கோலுக்குப் பதில் காய்ந்த அறுகம்புல், நனைத்து, ரப்பர் தொட்டியில். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, இந்தக் குதிரைக்கு ஏழு கிலோ போல. மாற்றத்தை ஒரே நாளில் செய்யாமல் பத்து நாளில் செய்ய வேண்டும். கொள்ளைக் குறைக்க வேண்டும். பாய் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியாக, “கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க” என்றார்.

“ஞாயித்துக்கெழம இல்லாம வட்டி எப்படிம்மா கட்றது?”

கேட்டது அவரிடம். பார்த்தது என்னை. நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்து வட்டி கட்ட வந்தார். புல் தின்கிறதாம், வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். நான் கேட்காமலே, “கோவளம் போறேன் சார்” என்றார். “கீழ எதுவும் போடறதில்ல, வாயில பை கட்டித்தான் தீனி. வாளியில மண்ணு கொஞ்சம்தான் நிக்குது.”

ரசீதை எடுத்து நீட்டினேன்.