பட்டியலில் இல்லாத மெஷின்

கோயம்புத்தூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பு முழுவதும் உன்னிடம் வந்துவிட்டதாக அக்கா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். எல்லா மெஷினிலும் ஆன்டிவைரஸ் போட்டாயிற்று என்றும் சொன்னாள். இனிமேல்தான் வேலையே. போட்டது ஓடுகிறதா என்று தினமும் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீதான்.

காலையில் வந்ததும் ஆன்டிவைரஸ் கன்சோலைத் திற. சிவப்பில் நிற்பவை தானே கண்ணில் படும். கடைசியாகத் தொடர்புகொண்ட தேதி பழையதாகக் கிடக்கும் மெஷின்களை நீதான் தேட வேண்டும். அடுத்து, ரவுட்டர் காட்டும் பட்டியலையும் கன்சோல் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். கட்டிங் செக்‌ஷனின் பழைய விண்டோஸ் 7, கேட்டில் பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். மாற்ற முடியாத பழைய மெஷினைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கிவிடு.

இவ்வளவு பிடிவாதமாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. வானாகிரை என்ற வைரஸ் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு 2017 மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்துவிட்டது. மே 12 அன்று அந்த வைரஸ் கிளம்பியபோது பேட்ச் போடாத மெஷின்கள் உலகம் முழுக்க இருந்தன. யாரும் மெயிலைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு மெஷினிலிருந்து அடுத்ததற்குத் தானே தாவியது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. விட்டுப்போன ஒரு மெஷின் போதும், கண்ணு. அதனால் விண்டோஸ் அப்டேட்டையும் ஆன்டிவைரஸையும் ஒரே வேலையாக நினை.

மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ்காரர் வந்து, "டேலி இழுக்குதும்மா, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடு" என்பார். மரியாதையாக மறுத்துவிடு. முழு ஸ்கேனை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று. அப்படியும் இழுத்தால் டேலியின் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடு. டி டிரைவ் முழுவதற்கும் கொடுத்துவிடாதே. கொடுத்த ஒவ்வொரு விலக்கையும் யார் கேட்டது, எதற்கு, எந்தத் தேதியில் என்பதோடு நோட்டில் எழுதி வை. அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டு உன்னிடமும் முதலாளியிடமும் மட்டும் இருக்கட்டும்.

காவலுக்கு இருப்பதே காலை வாரும் நாளும் வரும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பிட்லாக்கர் போட்ட மெஷின்களை மீட்க ரெக்கவரி கீ தேவைப்பட்டது. அந்தக் கீகளை இப்போதே அச்செடுத்துப் பீரோவில் வை. பேக்கப்பில் ஒரு பிரதி நெட்வொர்க்கிலிருந்து கழற்றியே இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு ஃபைலையாவது மாதாமாதம் திரும்ப எடுத்துப் பார்.

இந்த வாரமே ஒரு சோதனை செய். ஐகார் என்று 68 எழுத்துள்ள சோதனை ஃபைல் இருக்கிறது. தீங்கே செய்யாது, ஆனாலும் எந்த ஆன்டிவைரஸும் அதைப் பிடிக்க வேண்டும். முதலாளியிடம் சொல்லிவிட்டு ஒரு மெஷினில் வைத்துப் பார். பிடித்தால் மட்டும் போதாது, எச்சரிக்கை உன் போனுக்கு வருகிறதா என்றும் கவனி. எத்தனை நிமிடத்தில் வந்தது என்று எனக்கு எழுது. வராவிட்டால் உடனே கூப்பிடு, கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
மாமா