கரிமூட்டம்

இரண்டாண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் புறநானூற்றின் 95ஆம் பாட்டை நடத்திக்கொண்டிருந்தேன். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்டு, இவை பீலி அணிந்து நெய் பூசப்பெற்று அழகாக இருக்கின்றன, எங்கள் தலைவனின் வேல்களோ நுனி முரிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று புகழ்வது போலப் பழித்த பாட்டு. வஞ்சப் புகழ்ச்சியை விளக்கி முடித்தபோது ஒரு மாணவி எழுந்து, "ஐயா, அந்தக் கொல்லன் உலையில் எதை எரித்திருப்பான்?" என்று கேட்டாள்.

"விறகுதான்" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "விறகுல இரும்பு பழுக்காது ஐயா. கரி வேணும்." முதுகுளத்தூர்ப் பக்கத்து மாணவன். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்து, "ஆம், கரிதான்" என்று திருத்திக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

தெரியாமல் சொன்ன விடையாக இருந்தால் இக்கட்டுரைக்கே தேவையில்லை. எனக்குத் தெரியும். அவ்வகுப்பில் இருந்த எவரையும்விட நன்றாகத் தெரியும். நான் கரிக்கடைக்காரர் மகன்.

எங்கள் ஊர் கமுதிக்குத் தெற்கே உள்ளது. என் அத்தா கண்மாய்களிலும் பட்டா நிலங்களிலும் நின்ற சீமைக் கருவேலத்தை மொத்தமாகப் பேசி வாங்கி, வெட்டி, மூட்டம் போட்டு, கரியைச் சாக்குகளில் கட்டி வெளியூருக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள். பள்ளியில் எனக்கு வைத்த பெயர் முதலில் 'கரிக்கடை'. பின்னர் அது சுருங்கி 'கரி' ஆயிற்று. நிறத்தைக் குறித்தும் சொன்னார்கள், தொழிலைக் குறித்தும் சொன்னார்கள். கல்லூரியில் சேர்ந்த நாள்முதல் எம்.ஃபில். முடித்த நாள்வரை எந்தப் படிவத்திலும் தந்தையார் தொழில் என்னும் இடத்தில் 'வணிகம்' என்றே எழுதினேன். பொய்யில்லைதான்.

சீமைக் கருவேலத்தைப் பழிக்காதவர் இன்று இல்லை. 2017இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அம்மரங்களை அகற்றும்படி ஆணையிட்டபோது, எங்கள் கல்லூரி மாணவர்களும் அரிவாளோடு போனார்கள். நானும் உடன் போனேன். பிற மரங்களை வளரவொட்டாது, கண்மாயை அடைத்துவிடும் என்பன யாவும் உண்மையே. எனினும் மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் வட்டாரத்தில் அடுப்பெரிந்ததும் அந்த மரத்தால்தான். வேலிக்கு வேலி, விறகுக்கு விறகு, கரிக்குக் கரி. அதை வெட்டும்போது கை சற்றுத் தயங்கியதை அன்று யாரிடமும் சொல்லவில்லை.

மூட்டம் போடுவது எளிய வேலை போலத் தோன்றும். வெட்டிய கட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இலைதழையும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைப் பூசிவிடுவார்கள். அடியில் சில துளைகள் விட்டுத் தீ வைப்பார்கள். உள்ளே தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது, அதுதான் நுட்பம். காற்று இல்லாமல் சூடேறும் கட்டை முதலில் தன் நீரை விடும். அப்போது வரும் புகை வெள்ளையாய்த் தடித்து எழும். ஏறத்தாழ 280 பாகைக்கு மேல் கட்டை தானே வெப்பத்தை வெளிவிடத் தொடங்கும். புகை பழுப்பேறி, காடி போன்ற புளிநெடி மூக்கை அறுக்கும். இறுதியில் புகை மெலிந்து நீலமாகும். நீலம் கண்ட பக்கத்தில் துளையை அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் விட்டால் கரி எரிந்து சாம்பலாகும். கட்டை சுருங்கச் சுருங்க மேல்மண் அமிழ்ந்து வெடிக்கும். வெடித்த இடமெல்லாம் காற்று நுழையும் வாசல். ஆகவே இரவும் பகலும் ஒருவர் ஈரமண்ணோடு காவல் இருந்தே தீர வேண்டும். 10 டன் விறகுக்கு 2 டன் கரி தேறினால் நல்ல மூட்டம் என்பார்கள் அத்தா.

1995ஆம் ஆண்டு கோடை விடுமுறை. எனக்கு வயது 15. வழக்கமாக மூட்டம் பார்ப்பவர் அடுத்த ஊர்க்காரர். அத்தாவை 'மாப்பிள்ளை' என்பார், நான் அவரை 'மாமா' என்பேன். நான்காம் நாள் மாலை அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தது. அத்தா சாக்கு வாங்கப் பரமக்குடிக்குப் போயிருந்தார்கள். மாமா என்னை மூட்டத்தைச் சுற்றி ஒருமுறை அழைத்துச் சென்று, "வடக்க லேசா நீலம் கட்டுது மருமகனே. அங்கனதான் கண்ணு இருக்கணும். வெடிப்புக் கண்டா யோசிக்காத, மண்ண அப்பிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இஷாவுக்குப் பின் இருமுறை மண் அப்பினேன். பிறகு அரிக்கேன் விளக்கடியில் ஒரு துப்பறியும் நாவலை விரித்தேன். எப்போது கண் மூடினேன் என்பது தெரியாது. முகத்தில் சூடு பட்டு விழித்தபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வடபுறத்தில் ஓர் ஆள் உயரத்துக்குத் தீ நின்றது. மூட்டத்தின் தலை உள்ளே விழுந்திருந்தது. குடத்தால் ஊற்றினேன், மண்ணை வாரி எறிந்தேன். அக்கம்பக்கத்து மூட்டக்காரர்கள் ஓடிவந்து அடக்கும்போது பாதிக்குமேல் போய்விட்டது.

காலை முதல் பேருந்தில் அத்தா வந்தார்கள். சாம்பலைக் காலால் ஒருமுறை கிளறிப் பார்த்தார்கள்.

"தூங்கிட்டியா?"

"ஆமா அத்தா."

"சரி. எந்திரிச்சு மூஞ்சியக் கழுவு."

அவ்வளவே. அடிக்கவில்லை, ஏசவில்லை. அம்மூட்டத்துக்கு வெளியூர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்ததும், அதைத் திருப்ப அம்மாவின் வளையல் அடகுக்குப் போனதும் சில ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரியவந்தன. அடுத்த மாதம் மேல்நிலை வகுப்புக்கான கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது. 2009இல் அத்தா இறக்கும்வரை அந்த இரவைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசியிருக்க வேண்டியவன் நான்.

வகுப்பில் சிரிப்பொலி எழுந்த மறுவாரம் அதே பின்வரிசை மாணவன் துறைக்கு வந்தான். "ஐயா, கொல்லுலையைப் பாட்டில் மட்டும் படிக்கிறோம். நாமே ஒன்று செய்து பார்த்தால் என்ன? கரி முதல் கத்தி வரை கடையில் எதுவும் வாங்காமல்?" என்றான். மறுக்கத் தக்க காரணங்கள் பல இருந்தன. எனினும் "செய்வோம்" என்றேன்.

துருத்தியில் தொடங்கினோம். அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் வீட்டில் குர்பானி கொடுத்த ஆட்டின் தோலை இதற்கென வைத்துக்கொண்டேன். அத்தோலை விற்று அப்பணத்தை நாம் வைத்துக்கொள்ளலாகாது. நாமே பயன்படுத்திக்கொள்ளத் தடையில்லை. உறவினர் வீட்டிலிருந்து இன்னொரு தோல் வந்தது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் போட்டுப் பதப்படுத்தினோம். மாணவியர் மூக்கைப் பொத்திக்கொண்டே வேலை செய்தனர். விடுதிக் காப்பாளர் இருமுறை புகார் சொன்னார். ஒன்று ஓரளவு மெத்தென வந்தது. மற்றொன்று அப்பளம் போல விறைத்தது. எண்ணெய் பூசிப் பூசித்தான் வழிக்கு வந்தது. வாயில் இரு மரச்சட்டங்கள், மறுமுனையில் சுட்ட மண்குழல். திறந்து தூக்கினால் காற்றை வாங்கும், மூடி அமுக்கினால் குழல்வழி ஊதும். இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினால்தான் காற்று அறாமல் வரும். சங்கப் பாடல்களில் துருத்தி வருமிடங்களில் எல்லாம் பெருமூச்சுக்கு உவமை என்று குறிப்பெழுதிப் போயிருக்கிறேன். தோளில் அந்த வலி இருக்கும் என்பதை அதுவரை எண்ணியதில்லை.

2024 பொங்கல் விடுமுறை கழிந்ததும் கல்லூரிக்குப் பின்புறத் திடலில் மூட்டம் போட்டோம். இடுப்பளவு உயரம், 300 கிலோ விறகு. அம்மாணவன்தான் அடுக்கினான், எனக்குச் சொல்லித்தருவதாக நினைத்துக்கொண்டு. இரண்டு இரவுகள் எரிந்தது. முறைவைத்துக் காவல் இருக்கலாம் என்றார்கள். இரு இரவும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "ஐயாவுக்கு எதற்குச் சிரமம்?" என்று வற்புறுத்தினார்கள், காரணத்தைச் சொல்லாமல் நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிட்டேன்.

இரண்டாம் இரவு காற்று எழுந்தது. தென்மேற்கு மூலையில் முடி அளவு வெடிப்பு, அப்பினேன். அதன் பக்கத்தில் இன்னொன்று. விடியுமுன் பதினேழு இடங்களில் அப்பியிருந்தேன். எண்ணிக்கொண்டே இருந்தது தூக்கத்தை விரட்டத்தான். ஃபஜ்ரு பாங்கு கேட்டபோது கிழக்குத் துளையில் நீலப் புகை நூல்போல் எழுந்தது. அடைத்தேன். கை நடுங்கியது.

ஆறவிட்டுப் பிரித்தபோது 52 கிலோ கரி தேறியது. கொஞ்சம் வேகாத குறைக்கட்டையும் இருந்தது. இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினேன். கண்ணாடி தட்டினாற்போல் கணீரென்றது. அத்தா கரியை விலை பேசுமுன் அப்படித்தான் தட்டிக் காட்டுவார்கள்.

தாதுவிலிருந்து இரும்பு எடுக்க நாங்கள் துணியவில்லை. கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளைப் பற்றிப் பாடம் சொல்வது வேறு, அதைச் செய்வது வேறு. 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசென்றது. அந்தக் காலக்கணிப்புக்குத் துணை நின்றவை இரும்போடு கிடந்த கரித்துண்டுகளும் பானை ஓடுகளும் என்று படித்தபோது என்னையறியாமல் எழுந்து நின்றேன். பழந்தமிழில் கரி என்பதற்குச் சாட்சி என்றும் பொருள் உண்டு. 25ஆம் குறளில் வள்ளுவர் அப்பொருளில்தான் ஆள்கிறார். அச்சொல்லுக்கு எத்தனையோ முறை வகுப்பில் பொருள் சொல்லியிருக்கிறேன், எங்கள் கடையை நினையாமல்.

நாங்கள் எடுத்தது கட்டடக் கம்பித் துண்டு ஒன்று. தரையில் குழி உலை, பட்டறைக்குக் கருங்கல், சுத்தியலுக்கும் கல். பச்சைக் கொம்பால் செய்த இடுக்கி முதல் சூட்டிலேயே கருகி விழுந்தது. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்துத் தெருக் கொல்லர், எழுபதைக் கடந்தவர், தம் குறடைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆக, கடன் வாங்காமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை. துருத்தி ஊத ஊதக் கரி வெளுத்து எரிந்தது. கம்பி செக்கச்சிவந்து ஆரஞ்சு நிறமானது. நான்கு நாள் அடித்துக் கத்தி போல ஒன்றை உருவாக்கித் தண்ணீரில் தோய்த்தோம். அது ஒரு காகிதத்தைக்கூட அறுக்கவில்லை.

கொல்லர் சிரித்தார். "பாய், இது கட்டடக் கம்பி. தண்ணியில போட்டா சும்மா குளிரும், அவ்வளவுதான். இதுக்குத் தோய்ச்சல் ஏறாது." மறுநாள் லாரி வில்பட்டைத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அதை அடித்து, சிவக்கக் காய்ச்சி, தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் காட்டினார். வாயோரத்தில் வைக்கோல் நிறம் ஓடியதும் எடுத்துக் காட்டி, இதற்குமேல் நீலம் ஏறவிட்டால் கூர் நிற்காது என்றார். நீலத்துக்கு அஞ்சுவது இரு தொழிலுக்கும் பொதுவாக இருந்தது.

வேலை முடிந்ததும் அவர் மிச்சக் கரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "மூட்டம் யாரு பார்த்தது?"

மாணவர்கள் என்னைக் காட்டினர்.

"வாத்தியார் வேலைக்கு வந்தவருக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்க அத்தா கரிக்கடை வச்சிருந்தாங்க" என்றேன். முதுகுளத்தூர் மாணவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

அந்தக் கத்தி இப்போது துறை அலமாரியில் இருக்கிறது. அலுவலக உதவியாளர் விடைத்தாள் கட்டின் நூலை அதனால்தான் அறுக்கிறார். மூட்டத்திலிருந்து ஒரு துண்டுக் கரியை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. கையில் வாங்கித் தரையில் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார்கள்.

"தூர்க்கரியா?"

"இல்லம்மா, குச்சிக்கரி. நான் போட்ட மூட்டம்."

இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஒங்க அத்தா இருந்தா இன்னும் ஒரு நாள் ஆற விட்டிருப்பாக" என்றார்கள்.