முனிர்க்காவில் ஒரு கடல்

தில்லிக்கும் கடலுக்கும் உறவே இல்லை என்று எண்ணியிருந்தேன். முனிர்க்காவில் நம் சங்கத்து அண்ணன் ஒருவர் குடியிருக்கும் வீட்டுக்குப் போகும் வரையில்தான் அந்த எண்ணம். அங்கே முன்னறையில் நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமுமாக ஒரு கடல் இருக்கிறது. 450 லிட்டர் வடிகட்டிய தண்ணீரில் ஏறத்தாழ 16 கிலோ கடலுப்புக் கலவையைக் கரைத்துச் செய்த கண்ணாடிக் கடல்!

அந்தக் கடலுக்கு ஒரே குடி, சிங்கமீன். செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறி வரியிட்ட உடல். விசிறிபோல் விரிந்த துடுப்புகள். அழகில் மயங்கிக் கையை விட்டுவிடாதீர்கள். முதுகில் 13, வயிற்றுத் துடுப்புகளில் 2, வாலுக்கு முன்னே அடிப்புறத்தில் 3, ஆக 18 நச்சு முட்கள் இருக்கின்றன. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் கையை அமிழ்த்திக்கொண்டு மருத்துவரிடம் ஓடவேண்டும்; வெப்பத்தில் அந்த நஞ்சு சிதையும். இதன் இனத்தார் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. தூத்துக்குடிக்காரனாகிய எனக்கு ஊர்க்காரனைக் கண்டதுபோல் இருந்தது.

அதுதான் வினையாயிற்று. தங்கையின் திருமணத்துக்காக அண்ணன் மதுரைக்குப் புறப்பட்டார். "தம்பி, நீதான் கடற்கரைக்காரன். பன்னிரண்டு நாள் பார்த்துக்கொள்" என்று சாவியைக் கையில் வைத்தார். நீர் 25 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். தில்லியின் மே மாதமோ 40-ஐத் தாண்டி நிற்கிறது. குளிரூட்டி நிற்காமல் ஓடவேண்டும். மின்சாரம் போனால் மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழாயை இறக்கவேண்டும். இவையெல்லாம் எளியவை. மீன் வந்து ஐந்து நாளாகியும் ஒன்றும் உண்ணவில்லை என்பதுதான் பெருங்கவலை.

கடலில் பிடித்த சிங்கமீனுக்கு அசையாதது உணவே அன்று. துடுப்புகளை விரித்து இரையை மூலையில் ஒடுக்கி, ஒரே நொடியில் விழுங்குவது அதன் வழக்கம். இதை அறிந்த கடைக்காரர் ஒரு பை நிறையத் தங்கமீன் குஞ்சுகளைக் கொடுத்தனுப்பியிருந்தார். போட்டால் உண்ணும், ஐயமில்லை. ஆனால் தங்கமீன் முதலிய கெண்டை இனங்களில் தயமினேஸ் என்னும் நொதி உண்டு. அதையே நாள்தோறும் உண்டால் உடலிலுள்ள பி1 வைட்டமின் சிதைந்து மீன் நலிந்துபோகும். இன்று பசி தீரும். பின்னாளில் உயிர் போகும். விலங்கியல் படிக்கும் தோழி ஒருத்தி இதைச் சொன்னபோது, பையிலிருந்த குஞ்சுகள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதாகவே எனக்குத் தோன்றியது.

ஐ.என்.ஏ. சந்தையில் இறால் வாங்கினேன். தோலுரித்து, விரல்நுனி அளவு நறுக்கி, நீண்ட கண்ணாடிக் கோலின் முனையில் செருகி, மீனின் முகத்துக்கு முன்னே நீந்துவதுபோல் ஆட்டினேன். முதல்நாள் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அருகில் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. உண்ணாத துண்டுகளை உடனுக்குடன் எடுத்துவிடவேண்டும். அழுகினால் நீரில் அம்மோனியா ஏறிவிடும். நான்காம் இரவு எனக்கே சோறு இறங்கவில்லை. நலமாயிருக்கும் சிங்கமீன் பல வாரம் பட்டினி தாங்கும் என்பது ஏட்டுச் செய்தி. ஆனால் இது அலைந்து களைத்து வந்த மீன். அண்ணன் திரும்பும்போது வெறுந்தொட்டியைக் காட்டுவதா? கையோ குஞ்சுகளின் பக்கம் போகிறது. மனமோ இழுத்துப் பிடிக்கிறது.

ஆறாம் நாள் மாலை. கோலை மெல்ல ஆட்டிச் சட்டென நிறுத்தினேன். துடுப்புகள் விரிந்தன. அவ்வளவுதான் கண்டேன், இறாலைக் காணோம்! தனியாய் நின்று கைதட்டினேன் என்றால் நம்புங்கள்.

அதன்பின் வந்தது வேறொரு தொல்லை. என்னைக் கண்டாலே கண்ணாடியருகே வந்து, வாயைத் திறந்து மூடி, பிச்சைக்காரன்போல் நிற்கும். இரங்கிக் கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு ஏறும். வாரத்துக்கு மூன்று வேளை போதும். பட்டினி கிடந்ததை ஊட்டுவதைவிடக் கேட்பதை மறுப்பது கடினம் என்று அப்போது கண்டேன்.

இப்போது அண்ணனின் ஆய்வேடு முடிந்துவிட்டது, வேலை வெளிநாட்டில். மீனோ தொட்டியில் பத்தாண்டுக்கு மேலும் வாழும். "ஊருக்குப் போகும்போது கடலில் விட்டுவிடேன்" என்றான் விடுதித் தோழன் ஒருவன். 1985-இல் அமெரிக்காவின் புளோரிடாக் கடலில் முதல் சிங்கமீன் தென்பட்டது. யாரோ தொட்டியிலிருந்து விட்டதே காரணம் என்பது அறிஞர் கருத்து. இன்று கரீபியக் கடலெங்கும் அவை பெருகிப் பவளப்பாறை மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கின்றன. நம் கடலுக்கு அது அயலான் அன்று என்றாலும், தொட்டியில் ஒட்டிய நோயை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே நானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். என் அறையோ மூன்றாம் மாடியில். தொட்டியும் தண்ணீருமாக அரை டன் எடை. வீட்டுக்கார அம்மையார் முட்டை ஓட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவர். நேற்று அவரிடம் போய், தளம் தாங்குமா என்று பணிவாகக் கேட்டேன். அவர் எடையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

"அந்த மீன் சைவம்தானே?" என்றார்.